ஓர்வாரா: ஒரே விடை வராத மென்பொருள்

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். சுற்றுப்பாதை, ஆரத்திசைவேகம், விண்மீனின் இடம், துணையின் இடம் என்று வரும் நீளமான ஆங்கிலத் தொடரிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்த பெயர் ஓர்வாரா. தமிழ்க் காதில் அது "ஓர் வாரா" என்று விழுகிறது, அதாவது ஒன்றாக வராது. யாரும் நினைத்து வைத்த பெயர் இல்லைதான், ஆனால் இதைவிடப் பொருத்தமாக வைத்திருக்க முடியாது. கோளின் நிறை என்ன என்று கேட்டால் இது ஓர் எண்ணைத் தராது, ஆயிரக்கணக்கான எண்களைக் கொட்டிவிட்டு அவை எங்கே கும்பலாக நிற்கின்றன என்று பார்த்துக்கொள் என்று விட்டுவிடும். முதல் வாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது ஒரே எண்ணை மட்டும் தருபவர்களைப் பார்த்தால்தான் சந்தேகம் வருகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். விண்மீனை விட்டு வெகு தூரத்தில், பத்து முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றும் பெரிய கோள்களின் நிறையையும் பாதையையும் கணக்கிட வேண்டும், பைத்தான் கொஞ்சம் தெரியும், பொறுமை உண்டு என்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. வானியலாளர் திமதி பிராண்ட்டும் அவருடைய குழுவும் எழுதியது, 2021இல் கட்டுரையாகவும் வந்தது. ஆனால் பொத்தானை அழுத்தினால் விடை வரும் என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். இன்னும் மோசம், ஏமாந்ததே தெரியாமலும் போகலாம். அதை நானே அனுபவித்தேன், பின்னால் சொல்கிறேன்.

இப்படி ஒரு கருவி எதற்கு? டாப்ளர் முறையில் கோள் கண்டுபிடிப்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். கோள் இழுக்க இழுக்க விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் லேசாக ஆடும், அந்த வேகத்தை அளப்பார்கள். நம் வியாழன் சூரியனை ஆட்டும் வேகம் நொடிக்கு 12.5 மீட்டர், உலகின் அதிவேக ஓட்டக்காரர் தன் உச்சத்தில் ஓடும் வேகம் கிட்டத்தட்ட அதுதான். பிரச்சினை என்னவென்றால் இந்த முறையில் தெரிவது நம் பார்வைக் கோட்டில் இருக்கும் வேகம் மட்டும்தான். பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாது. அதனால் கிடைக்கும் நிறை "இதற்குக் குறையாது" என்கிற எண், உண்மை நிறையைச் சாய்வின் சைனால் பெருக்கியது. சாய்வு 30 பாகை என்றால் உண்மை நிறை இரண்டு மடங்கு. பாதையைக் கிட்டத்தட்ட மேலிருந்து பார்க்கிறோம் என்றால் எத்தனை மடங்கு வேண்டுமானாலும் போகலாம்.

எத்தனை மடங்கு வேண்டுமானாலும் என்பது வாய்ப்பேச்சு இல்லை. எச்டி 92987 என்றொரு விண்மீன். அதைச் சுற்றும் துணைக்கு 2019இல் கிடைத்த குறைந்தபட்ச நிறை ஏறத்தாழ 17 வியாழன்கள், பெரிய கோளுக்கும் பழுப்புக் குள்ளனுக்கும் (கோளைவிடப் பெரியது, ஆனால் விண்மீனாக எரியும் அளவுக்கு நிறை போதாதது) நடுவே ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். 2021இல் வென்னரும் அவரோடு சேர்ந்தவர்களும் விண்மீன் வானத்தில் நகர்ந்த விதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பாதை ஏறக்குறைய முழுக்க நம் பக்கம் முகம் காட்டி இருந்தது. துணையின் நிறை சூரியனில் கால் பங்கு. அது கோளும் இல்லை, பழுப்புக் குள்ளனும் இல்லை, ஒரு சின்ன விண்மீன்! அதே கட்டுரையில் இன்னொன்று, எச்டி 221420. அதன் துணைக்கு முதலில் சொல்லப்பட்ட குறைந்தபட்சம் 10க்குச் சற்றுக் குறைவு, சேர்த்துப் பார்த்தபோது 20ஐத் தாண்டியது. சுற்றுக்காலமோ 60 ஆண்டு போல இருந்தது 28 ஆண்டுக்கு அருகில் இறங்கிவிட்டது. நிறை மட்டும் மாறவில்லை, பாதையே வேறு ஒன்றாகிவிட்டது. நெடுங்காலக் கோள்களில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் முழுச் சுற்றை யாரும் இன்னும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். இணையத்தில் ஒரு கோள் பட்டியலை நான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன், பெயர் வேண்டாம். அதில் நிறை என்று ஒரே ஒரு பத்தி. சில வரிகளில் உண்மை நிறை, சில வரிகளில் குறைந்தபட்ச நிறை, எது எது என்று எங்கேயும் குறிப்பு இல்லை. அதை வைத்து நான் வரைந்த வரைபடம் ஒன்றை நாலு பேருக்குக் காட்டிப் பெருமை வேறு பட்டுக்கொண்டேன். அந்தக் கடுப்பில்தான் நானே கணக்கிட்டுப் பார்ப்போம் என்று இந்தப் பக்கம் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஓர்வாராவின் உயிர் எச்ஜிசிஏ என்ற அட்டவணையில் இருக்கிறது, அதையும் பிராண்ட்டே தொகுத்தார். ஹிப்பார்கோஸ், கையா என்ற இரண்டு விண்கலங்களின் அளவீடுகளை ஒரே சட்டகத்தில் பொருத்தி வைத்த அட்டவணை, சுமார் 1,15,000 விண்மீன்கள். 2018இல் ஒரு பதிப்பு, 2021இல் இன்னும் துல்லியமான ஒன்று. இது வேலை செய்யும் விதத்தைக் கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஹிப்பார்கோஸ் 1991 வாக்கில் ஒரு விண்மீன் வானத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்று அளந்தது. கையா 2016 வாக்கில் அதையே அளந்தது. இரண்டும் விண்மீன் எங்கே இருந்தது என்பதையும் குறித்து வைத்திருக்கின்றன. அந்த இரண்டு இடங்களின் வித்தியாசத்தை நடுவில் உள்ள 25 ஆண்டால் வகுத்தால் மூன்றாவதாக ஒரு வேகம் கிடைக்கும், நீண்ட கால சராசரி. விண்மீன் தனியாள் என்றால் மூன்று வேகமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றாக இல்லை என்றால் யாரோ இழுக்கிறார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த மூன்றாவது வேகம். ஹிப்பார்கோஸ் பழைய கலம், அதன் இடப்பிழை ஒரு மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு பாகையை 36 லட்சமாகப் பிரித்தால் அதில் ஒன்று) என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அது பெரிய பிழை. ஆனால் அதை 25ஆல் வகுக்கிறோம் இல்லையா, பிழையும் சேர்ந்து வகுபட்டு ஆண்டுக்கு 0.04 ஆகச் சுருங்கிவிடுகிறது. பழைய அளவீடு பழையதாக இருப்பதே அதன் மதிப்பு. இப்போது வியாழன் மாதிரி ஒரு கோள், சூரியன் மாதிரி விண்மீன், 10 பார்செக் (ஏறத்தாழ 33 ஒளியாண்டு) தூரம் என்று போட்டுப் பாருங்கள். விண்மீன் தன் நிறைமையத்தைச் சுற்றி ஆடும் ஆரம் 0.5 மில்லி ஆர்க்செகண்ட். எள்ளளவு என்று சொல்வோமே, நிஜமாகவே எள்ளளவுதான், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் எள் தன் அகலத்துக்கு நகர்ந்தது மாதிரி. அந்த ஆட்டம் விண்மீனின் வேகத்தில் ஏற்படுத்தும் மாற்றம் ஆண்டுக்கு 0.26 வரை வரும். 0.04 பிழைக்கு முன்னால் 0.26, பிடித்துவிடலாம்.

ஆக டாப்ளர் நமக்குப் பார்வைக் கோட்டில் நடப்பதைச் சொல்கிறது, எச்ஜிசிஏ வானத்தின் தளத்தில் நடப்பதைச் சொல்கிறது, இரண்டையும் கட்டிப்போட்டால் சாய்வு வெளியே வந்துவிடுகிறது, சாய்வு வந்தால் உண்மை நிறை வந்துவிடுகிறது. கோளையே நேரடியாகப் படம் பிடித்து அது விண்மீனிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தத் திசையில் என்றும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. இந்த மூன்று வகைத் தரவையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டுவதுதான் ஓர்வாராவின் வேலை.

நிறுவுவது பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. உள்ளே சில பகுதிகள் சைத்தானில் எழுதியவை (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பைத்தானை வேகமாக்கும் மொழி), அவற்றை உங்கள் கணினியிலேயே தொகுக்க வேண்டும், அதற்கு ஒரு சி கம்பைலர் வேண்டும். என்னிடம் அது இல்லை, அதனால் அரை நாள் போனது. தப்பு என்னுடையது.

நிறுவிய பிறகு எல்லாமே ஒரு கான்ஃபிக் ஃபைலில் நடக்கிறது. சாதாரண உரைக் கோப்புதான். ஹிப்பார்கோஸ் எண்ணுக்கு ஒரு வரி, விண்மீனின் நிறைக்கு ஒரு வரி, அந்த நிறையின் பிழைக்கு ஒரு வரி, டாப்ளர் தரவு எங்கே, எச்ஜிசிஏ எங்கே, எத்தனை துணைகள், எத்தனை படிகள் ஓட வேண்டும். எழுதி முடித்து ஒரு கட்டளை கொடுத்தால் ஓடும், இன்னொரு கட்டளை கொடுத்தால் வரைபடங்கள் வரும். வண்ணப் பலகை, தசம இடம் என்று அலங்காரத்துக்கான வரிகள்கூட இருக்கின்றன. விண்மீனின் நிறையை மட்டும் அலட்சியமாக எழுதாதீர்கள். கெப்ளரின் மூன்றாம் விதி வழியாக அது நேரே கோளின் நிறைக்குள் போய் உட்காரும். விண்மீனின் நிறை 10 சதவீதம் தப்பானால் கோளின் நிறை 7 சதவீதம் போல நகர்ந்துவிடும். பிழையை வேண்டுமென்றே சின்னதாக எழுதி அழகான விடை வாங்கலாம், பார்த்திருக்கிறேன். அது நம்மை நாமே ஏமாற்றுவது.

டாப்ளர் தரவுக் கோப்பில் நான்கு பத்திகள்: நாள், வேகம், பிழை, கருவி எண். கருவி எண் பூச்சியத்தில் தொடங்கும். இந்த நாலாவது பத்தியை முதலில் நான் ஒரு சம்பிரதாயம் என்று நினைத்தேன். இல்லை. இந்த வேகத்தை அளக்கும் ஒவ்வொரு நிறமாலை மானிக்கும் அதனதன் பூச்சியப் புள்ளி உண்டு, ஒன்றின் எண்ணை மற்றொன்றோடு அப்படியே ஒட்ட முடியாது. அதோடு ஒரே கருவியே நடுவில் மாறிவிடும். சிலி நாட்டின் லா சியா வான்காணகத்தில் இருக்கும் ஹார்ப்ஸ் கருவியில் 2015இல் ஒளியிழையை மாற்றினார்கள், அதற்கு முந்தைய தரவும் பிந்தைய தரவும் இரண்டு தனிக் கருவிகள் என்றே எண் கொடுக்க வேண்டும். கெக் தொலைநோக்கியின் ஹைரெஸ் கருவிக்கும் 2004இல் உணரியை மாற்றிய கதை உண்டு. ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் நடுவில் விழும் சின்னப் படிக்கட்டை மென்பொருள் கோளின் இழுப்பு என்று எடுத்துக்கொள்ளும். முப்பதாண்டுச் சுற்றில் ஐந்தாறு மீட்டர் படிக்கட்டு விளையாட்டுக் காரியம் இல்லை.

இப்போது என் கூத்து. ஒரு விண்மீனுக்குப் பழைய தரவும் புதிய தரவும் சேர்த்து வைத்திருந்தேன். பழைய அட்டவணை முழுக்க கிலோமீட்டர் கணக்கில், பழக்க தோஷத்தில் புதியதையும் அதற்கு ஏற்றபடி மாற்றி ஒன்றாக்கிவிட்டேன். ஓர்வாரா கேட்பது மீட்டரில். ஓடவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் அருமையான முடிவு: சங்கிலிகள் (விடையைத் தேடிப் படிப்படியாக நகரும் எண் தொடர்கள்) அமைதியாக நிலைத்திருக்கின்றன, பிழைகள் குறுகலாக இருக்கின்றன, பாதையின் சாய்வு ஏறத்தாழ பூச்சியம், அதாவது முழுக்க நம் பக்கம் முகம் காட்டும் பாதை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு எச்டி 92987 என் லேப்டாப்பில் சிக்கிவிட்டது என்று மாலை வரை மிதந்தேன். நடந்தது என்ன? வேகமெல்லாம் ஆயிரத்தில் ஒரு பங்காகப் போனதால் விண்மீன் பார்வைக் கோட்டில் அசையவே இல்லை என்று மென்பொருளுக்குத் தெரிந்தது, எச்ஜிசிஏயோ யாரோ பலமாக இழுக்கிறார்கள் என்றது, இரண்டும் ஒத்துப்போக ஒரே வழி பாதை முகம் காட்டி இருப்பதுதான். கொடுத்த தரவுக்கு அது மிகச் சரியான விடை. வரைபடத்தின் இடது ஓரத்தில் அச்சில் இருந்த எண்ணை மட்டும் நான் படித்திருந்தால் போதும், ஒரு பெரிய கோளுக்கு நொடிக்கு அஞ்சு சென்டிமீட்டர் ஆட்டமா என்று சிரித்திருப்பேன்.

இது ஓர்வாராவின் குறை என்று சொல்ல மாட்டேன். எந்தக் கணக்கு இயந்திரமும் இப்படித்தான். ஆனால் எடுக்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள், நீங்கள் முட்டாள்தனம் செய்தால் இது வாயைத் திறக்காது. மரியாதையாக விடை எழுதிக் கொடுத்துவிடும்.

ஓட்டும் வேகம் பிரமாதம். காரணம் இரண்டு. ஒன்று, கெப்ளர் சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு வேகமான வழி ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள், எந்த நேரத்தில் கோள் பாதையில் எங்கே இருக்கும் என்று சொல்லும், லட்சக்கணக்கான முறை தீர்க்க வேண்டிய சமன்பாடு அது. இரண்டு, கருவிகளின் பூச்சியப் புள்ளி, விண்மீனின் தூரம், மொத்த அமைப்பும் வானத்தில் நகரும் வேகம் போன்ற, நமக்கு நேரடி அக்கறை இல்லாத எண்களைத் தேடி அலையாமல் கணக்கிலேயே தீர்த்து ஒதுக்கிவிடுகிறது. ஐந்து கருவிகள் இருந்தால் ஐந்து எண்களைத் தேடும் வேலை மிச்சம். மீதி எண்களைத் தேட மார்க்கோவ் சங்கிலி, அதிலும் பல வெப்பநிலைகளில் ஓடும் வகை. சூடான சங்கிலிகள் ஊர் சுற்றும், குளிர்ந்த சங்கிலி வீட்டைச் சுற்றியே இருக்கும், அவ்வப்போது இரண்டும் இடம் மாற்றிக்கொள்ளும். ஒரு பள்ளத்தில் விழுந்து அதுவே உலகம் என்று உட்கார்ந்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. நெடுங்காலப் பாதைகளுக்கு இது அவசியம், அங்கே பள்ளங்கள் நிறைய.

நான் முதலில் பழகியது எச்டி 4747இல். அதன் துணை பழுப்புக் குள்ளன், ஏறத்தாழ 66 வியாழன், 34 ஆண்டு போலச் சுற்றுக்காலம், மையத்தொலைத்தகவு 0.73, அதாவது நன்றாக நீண்ட முட்டைப் பாதை. நீண்ட டாப்ளர் தரவு இருக்கிறது, நேரடிப் படமும் இருக்கிறது, எச்ஜிசிஏயிலும் இழுப்பு தெளிவாகத் தெரிகிறது. மூன்றும் இருந்தால் ஓர்வாரா எவ்வளவு இறுக்கமான விடை தரும் என்று பார்க்க இதுதான் நல்ல இடம். டாப்ளர் வளைவு பல ஆண்டுகள் மெதுவாக நகர்ந்து, துணை விண்மீனுக்கு அருகே வந்ததும் சட்டென்று மாறித் திரும்பும் அழகை ஒருமுறை பாருங்கள், முட்டைப் பாதை என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. புதிதாக வருபவர்கள் இதில் தொடங்குங்கள், உங்களுக்குப் பிடித்த ஏதோ ஒரு புரியாத விண்மீனில் வேண்டாம்.

வரைபடங்களில் ஒன்று, குறிப்பிட்ட ஒரு நாளில் கோள் வானத்தில் எங்கே இருக்கும் என்று புள்ளிகளாகக் காட்டும். தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு இது பொன். விண்மீனின் இழுப்பைப் பார்த்து எங்கே தேடலாம் என்று முடிவெடுத்துப் போய்க் கோளைப் படம் பிடிக்கிறார்கள் இப்போது. ஏஎஃப் லெபோரிஸ் விண்மீனின் கோளை 2023இல் மூன்று குழுக்கள் தனித்தனியாகப் பிடித்தது அப்படித்தான், வியாழனைப் போல மூன்று மடங்கு நிறை. அதே ஆண்டு ஹிப் 99770இன் கோளும்.

ஆனால் இந்த அழகான வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்? இங்கேதான் எப்சிலான் இண்டியின் கதை வருகிறது (இது ஓர்வாராவில் செய்த கணக்கு இல்லை, ஆனால் பாடம் எல்லோருக்கும் பொது). 12 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் விண்மீன், பக்கத்து வீடு. டாப்ளரையும் விண்மீனின் இட நகர்வையும் சேர்த்து 2019இல் வந்த விடை: 3.25 வியாழன், 45 ஆண்டுச் சுற்று, 11.5 வானியல் அலகு தூரம் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஓர் அலகு). ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். 2024இல் முடிவு வெளியானது. கோள் இருந்தது. ஆனால் சொன்ன இடத்தில் இல்லை! நிறை ஏறத்தாழ 6.3, இரண்டு மடங்கு. தூரம் 28 அலகு போல, அதிலும் பெரிய பிழை எல்லை. இழுப்பு உண்மை, இழுப்பவரும் உண்மை, ஆனால் பாதையின் ஒரு சிறு வில்லை மட்டும் பார்த்து முழு வட்டத்தை வரைந்தால் இப்படி ஆகும். அருகில் இருக்கும் சின்னக் கோளும் தொலைவில் இருக்கும் பெரிய கோளும் சில ஆண்டுகளுக்கு ஒரே மாதிரிதான் இழுக்கும்.

ஓர்வாராவில் இதைக் கண்டுகொள்ள வழி இருக்கிறது, ஆனால் தேடிப் பார்க்க வேண்டும். எண்கள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று காட்டும் முக்கோண வடிவ வரைபடம் ஒன்று வரும். அதில் நிறையும் தூரமும் சேரும் கட்டத்தைப் பாருங்கள். உருண்டையாக ஒரு திட்டு இருந்தால் நிம்மதி. வாழைப்பழம் மாதிரி நீண்டு வளைந்து போனால் தரவு பாதையை மூடவில்லை என்று அர்த்தம், அப்போது நடு எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அத்தோடு, தூரத்துக்கும் நிறைக்கும் மென்பொருள் முன்கூட்டியே வைத்திருக்கும் எடை மடக்கை அளவில் சமமானது, அதாவது 1 முதல் 10 வரைக்கும் 10 முதல் 100 வரைக்கும் ஒரே எடை. தரவு பலமாக இருந்தால் இது கண்ணுக்கே தெரியாது. தரவு பலவீனமாக இருந்தால் நீங்கள் பார்ப்பது பாதி தரவு, பாதி இந்த எடை.

இன்னொரு சங்கடம், சாய்வு. டாப்ளரும் எச்ஜிசிஏயும் மட்டும் இருந்தால் பல விண்மீன்களுக்குச் சாய்வில் இரண்டு மேடுகள் வரும், ஒன்று 60 பாகை என்றால் மற்றொன்று 120. கோள் வலமாகச் சுற்றுகிறதா இடமாகச் சுற்றுகிறதா என்று முடிவு செய்யப் போதுமான சான்று இல்லை என்று அர்த்தம். நிறைக்கு இதனால் பாதிப்பு இல்லை, இரண்டுக்கும் சைன் ஒன்றுதான். ஆனால் இந்த இரண்டு மேட்டுக்கும் சராசரி எடுத்து 90 பாகை, விளிம்பில் பார்க்கிறோம் என்று ஒருவர் முடிவுரை எழுதியதைப் படித்திருக்கிறேன். இரண்டு மலைக்கு நடுவே உள்ள பள்ளத்தில் வீடு கட்டியது மாதிரி.

குறுங்காலக் கோள்களுக்கு இதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கையாவின் மூன்றாம் வெளியீடு 34 மாத அளவீடுகளைச் சேர்த்து ஒரே வேகமாகச் சொல்கிறது. ஓர் ஆண்டில் சுற்றி முடிக்கும் கோளின் ஆட்டம் அந்தச் சராசரியிலேயே கரைந்துபோகும். ஓர்வாரா இதை ஓரளவு சமாளிக்கிறது: கையா எந்தெந்த நாளில் எந்தக் கோணத்தில் அந்த விண்மீனைக் கடந்தது என்ற முன்கணிப்பை ஐரோப்பிய விண்வெளி முகமையின் கோஸ்ட் சேவையிலிருந்து எடுத்துக் கொடுத்தால், கையா செய்ததையே போலச் செய்து பார்க்கிறது. எச்டிஓஎஃப் என்ற துணை நிரல் இதைக் கவனிக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கரைந்துபோனதை அதனாலும் மீட்க முடியாது. ஹிப்பார்கோஸ் பார்க்காத மங்கலான விண்மீன்களுக்கும் வழியில்லை, பட்டியலில் பெயர் இல்லை என்றால் பந்தியில் இடம் இல்லை. மறுபக்கம் மிகப் பிரகாசமான விண்மீன்கள் கையாவின் கண்ணைக் கூசவைத்துவிடும், அங்கேயும் எச்சரிக்கை வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கோள்கள் இருந்தால்? சேர்க்கலாம், ஒவ்வொன்றும் தன் கெப்ளர் பாதையில் போகும், கோள்கள் ஒன்றையொன்று இழுப்பது கணக்கில் வராது. பெரும்பாலான இடங்களில் அது போதும். 14 ஹெர்குலிஸ் மாதிரி இரண்டு பெரிய கோள்கள் ஒன்றுக்கொன்று வெகுவாகச் சாய்ந்த பாதைகளில் சுற்றும் அமைப்பில் நீண்ட கால எதிர்காலம் என்ன என்று தெரிய வேண்டுமானால் வேறு மென்பொருளைத் தேடுங்கள். இரண்டு கோள்களும் ஒரே விண்மீனை இழுக்கும்போது எச்ஜிசிஏ பார்ப்பது மொத்த இழுப்பை மட்டும்தான், யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துத் தருவது டாப்ளரின் பொறுப்பு. டாப்ளர் தரவு குட்டையாக இருந்தால் பங்காளிச் சண்டை தீராது.

ஆர்பிட்டைஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளும் இருக்கிறது, அதையும் கொஞ்ச காலம் வைத்திருந்தேன். நேரடிப் படங்கள் நாலைந்து மட்டும் கையில், பாதையின் சின்னத் துண்டுதான் தெரியும் என்றால் அதுவே தோது, பாடங்களும் நிதானமாக எழுதப்பட்டிருக்கின்றன. ஓர்வாராவின் ஆவணங்கள் சுருக்கம், அவர்களுடைய 2021 கட்டுரையை ஒருமுறை முழுக்கப் படிக்காமல் எந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று பிடிபடாது. உதாரணமாகச் சராசரி நெட்டாங்கு என்ற எண் (கோள் தன் பாதையில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கோணம்) 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தை அடிப்படை நாளாக வைத்து வருகிறது, இது தெரியாமல் கோள் அருகே வரும் நாளைக் கணக்கிட்டு நான் ஓர் ஆண்டு தள்ளிப் போனேன். ஆனால் நீண்ட டாப்ளர் தரவும் ஹிப்பார்கோஸ் எண்ணும் கையில் இருந்தால் என் கை தானாக ஓர்வாராவுக்குத்தான் போகிறது.

கையாவின் நாலாவது வெளியீடு 2026 டிசம்பரில் என்று சொல்லியிருக்கிறார்கள். இதுவரை சராசரியாக மட்டும் தந்ததை இனி ஒவ்வொரு அளவீடாகத் தரப்போகிறார்கள், ஐந்தரை ஆண்டுத் தரவு. இனி எச்ஜிசிஏ எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஐந்தாறு ஆண்டுக்குள் சுற்றும் கோள்களுக்கு உண்மைதான், அங்கே கையா தனியாகவே போதும். முப்பதாண்டுக் கோளுக்கு ஐந்தரை ஆண்டு என்பது மறுபடியும் ஒரு வில்தான். அதற்கு 1991இல் எடுத்த அந்தப் பழைய புள்ளி வேண்டும், அதைத் திரும்பப் போய் யாரும் அளக்க முடியாது.

என் கோப்புறையில் ஒரு விண்மீன் ஒன்றரை ஆண்டாகக் கிடக்கிறது. டாப்ளரில் நேர்க்கோடு மாதிரி ஓர் ஏற்றம், அதன் முனையில் லேசாக வளைகிறதோ என்று தோன்றும் மூன்று புள்ளிகள். ஆறு முறை ஓட்டிவிட்டேன், ஒவ்வொரு முறையும் அதே நீண்ட வாழைப்பழம், 6 வியாழனிலிருந்து 19 வரை. ஆறாவது முறை விண்மீனின் நிறைக்கு எதிரே இருந்த பிழையைச் சின்னதாக்கிப் பார்க்கலாமா என்று கை போனது, எழுதிவிட்டு அழித்தேன். டிசம்பருக்காக அந்தக் கான்ஃபிக் ஃபைலை அப்படியே வைத்திருக்கிறேன்.